அடித்துணி இல்லாத கூடாரம்

கூடாரம் விற்கும் கடைகளில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இரட்டைக் கூடாரங்கள். மழையைத் தாங்க வெளியே ஒரு துணி. அதற்குள்ளே கொசுவலையாலான ஒரு சிறு அறை. அந்த உள்ளறையின் அடியில் நீர் புகாத தடித்த துணியைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பவருக்கும் மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த உள்ளறையை விலக்கிவிட்டு, வெளித்துணியை மட்டும் ஒன்றிரண்டு கோல்களின்மேல் இழுத்துக் கட்டி, மண்ணிலேயே பாயை விரித்துப் படுப்பவர்களும் மலைநடையாளர்களில் உண்டு. மேலை நாட்டார் இதற்கெனத் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். கரிசல்காட்டில் இதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. 'தார்ப்பாயை இழுத்துக் கட்டுறது', அவ்வளவுதான்.

காடு என்ற சொல்லைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை. வானம் பார்த்த கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் விளைந்து, தை மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தபின் அடுத்த மழைவரை வெறிச்சோடிக் கிடக்கும் வெளி. வனத்துறையின் மலைக்காடுகளில் நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டபிறகு விதிகள் கடுமையாயின, அது நியாயமும்கூட. எங்கள் நடை உழவர்களின் பட்டா நிலங்கள் வழியே, அவர்களிடம் கேட்டுக்கொண்டு நடக்கும் நடை. ஆண்டுதோறும் மாசியிலோ பங்குனியிலோ புதியம்புத்தூரில் தொடங்கி, ஓட்டப்பிடாரம், பசுவந்தனை வழியாகக் கோவில்பட்டிப் பக்கம் போய்ச் சேருவோம். மூன்று பகல், இரண்டு இரவு. ஆசிரியர்கள் மூவர், அண்மைக் காலமாக மாணவர்கள் சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

புதியம்புத்தூர் ஆயத்த ஆடைக்குப் பெயர்பெற்ற ஊர். தெருவுக்குத் தெரு தையல் எந்திரங்களின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கான கவுனும் சட்டையும் தைத்துக் கட்டுக் கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் கூடாரத்தையும் அங்கேதான் தைத்தோம். சிலிகான் பூசிய மெல்லிய நைலான் துணி, பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஓரங்களில் கயிறு கோக்க வளையங்கள். கயிறும் முளையும் சேர்த்து எடை ஒரு கிலோவுக்குள் அடங்கியது. உள்ளறையோடு கூடிய கடைக் கூடாரமென்றால் அதைப்போல் இரு மடங்காவது கனக்கும். தைத்துக் கொடுத்தவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடிக்கு ஒண்ணும் வேண்டாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். உள்பாவாடை இல்லாத கவுனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

*

அடித்துணி கூடாரத்தோடு சேர்ந்தே பிறந்ததில்லை. அரபுப் பாலையின் பதூயின் மக்கள் வெள்ளாட்டு மயிரால் நெய்த கருங்கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். காய்ந்திருக்கும்போது அந்த நெசவின் இடைவெளி வழியே காற்று புகும். மழை பட்டால் மயிரிழைகள் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கீழே மணல்தான், அதன்மேல் விரிப்பு. தென்துருவத்துக்குச் சென்ற ஸ்காட்டின் குழுவினர் மூங்கில் கழிகளின்மேல் கூம்பாகத் துணியைப் போர்த்தித் தங்கினார்கள். துணியின் விளிம்பில் பனியை அள்ளிப்போட்டு அழுத்துவார்கள். தரைவிரிப்பு தனித் துணி. காற்று வாய்ப்பாக அடித்தால் அதையே சறுக்குவண்டிக்குப் பாயாகக் கட்டுவார்கள். தரையையும் கூரையையும் சேர்த்துத் தைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் பரவியது. 1860களில் எட்வர்ட் விம்பர் வடிவமைத்த கூடாரம் அவ்வகையில் புகழ்பெற்றது. பாறையிலும் பனியிலும் படுப்பவருக்கு அது தேவையாகவே இருந்தது.

பிறகு இந்தத் தேவை பழக்கமாயிற்று. அந்தப் பழக்கத்தைப் பொருட்படுத்தாமல் நடந்தவர்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தவர் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி. 1955இல், தம் அறுபத்தேழாம் வயதில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியபின் புறப்பட்டவர். தோளில் கையால் தைத்த ஒரு பை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. கூடாரம் என்று எதையும் அவர் கொண்டுபோகவில்லை. சுமையைக் குறைத்து நடப்போம் என்று பின்னாளில் ஓர் இயக்கமே எழுந்தபோது, அவர் பெயர் அதில் மரியாதையோடு சொல்லப்பட்டது.

*

கரிசல் மண்ணில் இந்தக் கூடாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கரிசல், நீரைக் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். பங்குனி வெயிலில் அது பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை போகும். அப்படிப்பட்ட தரையில் முளையடித்தால் பிடிக்காது. மண் கட்டியோடு பெயர்ந்து வரும். வேலிக்கருவைக் கம்பை வெட்டிச் சாய்வாக இறக்கியோ, சாக்கில் மண்ணைக் கட்டி அதில் கயிற்றை முடிந்தோதான் துணியை நிறுத்த வேண்டும். கோடைமழை ஒரு தூற்றல் போட்டாலோ கதை வேறு. அரை மணிநேரத்தில் மண் பசையாகிவிடும். செருப்போடு நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போகும்.

அடித்துணி உள்ள கூடாரத்தை ஒருமுறை நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். மழைக்குப்பின் அதன் அடிப்பாகம் முழுக்கக் கரிசல் அப்பிக்கொண்டது. மறுநாள் அதைச் சுருட்டித் தூக்கியபோது துணியின் எடையைவிட மண்ணின் எடை மிகுந்திருந்தது. எங்கள் தார்ப்பாயில் ஓரங்கள் மட்டும் அழுக்கு, உதறினோம், காய்ந்தது. பாயின் அடியில் போட்டிருந்த சாக்கு மட்டுமே துவைக்க வேண்டியதாயிற்று.

துணியின் உட்புறம் நீர் கோத்துக்கொள்வது இவ்வகைக் கூடாரத்தின் நிலையான குறை. மூச்சுக்காற்றின் ஈரமும் மண்ணிலிருந்து எழும் ஈரமும் குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாகத் தேங்கும். உள்ளறை இருந்தால் அந்த நீர் நம் மேல் படாது. இல்லாதபோது காற்றுக்கு வழிவிடுவதுதான் மருந்து. துணியின் கீழ்விளிம்பைத் தரையோடு ஒட்டாமல் ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் பங்குனியில் பிரச்சினை இல்லை. மார்கழிப் பனியில் அதுவும் போதாது. விடியும்போது போர்வை நனைந்தே இருக்கும்.

ஆகவே, இந்தக் கூடாரத்தில் இடத்தைத் தேர்வதே முதல் வேலை. மற்ற கூடாரத்தில் இடம் சற்று முன்பின் இருந்தாலும் அடித்துணி காப்பாற்றும். இதில் ஓடைப்போக்கு எது, நீர் எங்கே ஒதுங்கும், வெடிப்பு எங்கே குறைவு, எறும்புப் புற்று எங்கே என்று சுற்றிப் பார்க்காமல் பாயை விரிக்க முடியாது. கரிசலின் நடுவே ஆங்காங்கே சரள் மேடுகள் இருக்கும். அதில் வெடிப்பு இராது, நீரும் தங்காது. எங்கள் கண் இப்போது அவற்றைத்தான் தேடுகிறது. தரையில்லாத கூடாரம் தரையைப் பார்க்கப் பழக்கியது என்று சொன்னால் முரணாகத் தோன்றும்; எங்கள் அனுபவம் அதுதான்.

*

கிடை என்ற சொல்லை இலக்கிய வாசகர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைப் படித்திருப்பார்கள். அதைத் தழுவி அம்ஷன்குமார் இயக்கிய 'ஒருத்தி' படத்தையும் சிலர் பார்த்திருப்பார்கள். வெள்ளாமை முடிந்த நிலங்களில் இரவுதோறும் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். பசுவந்தனைப் பக்கம் ஒரு மாலை, வெள்ளையில் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடுகளின் கிடை ஒன்றைக் கண்டு, கேட்டுக்கொண்டு அருகிலேயே தங்கினோம்.

கிடைக்காரர் அறுபதைக் கடந்தவர். அவர் தங்குமிடமும் அடியில்லாத கூடாரமே. நான்கு கம்பு, மேலே ஒரு நீலத் தார்ப்பாய், பக்கங்கள் திறந்தே கிடந்தன. அதனடியில் ஒரு கயிற்றுக் கட்டில். பிறந்து சில நாளேயான குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கூண்டுக்கும் அடி கிடையாது. ஒரே இடத்தில் வைத்தால் ஈரத்தில் குட்டிக்கு நோய் வரும் என்று இடம் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அடி இருந்தால் அழுக்கும் கூடவே வருமல்லவா?

நண்பரின் ஜிப் வைத்த கூடாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு இப்படி ஒண்ணு இருந்தா வசதியா இருக்குமா?" என்று கேட்டோம். குனிந்து உள்ளே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள படுத்தா வெளிய என்ன நடக்குன்னு எப்படித் தெரியும் சார்? நாய் ஒரு மாதிரி கொலைச்சா நான் எந்திரிச்சு நிக்கணும். இதத் தெறந்து, குனிஞ்சு, வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு ஆடு போயிரும்லா?"

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. ஆடுகள் அசைபோடும் ஓசையும் அவர் இருமலும் மாறி மாறிக் கேட்டன. அவர் தூங்கினாரா, விழித்திருந்தாரா என்று சொல்லமுடியாத ஒரு நிலையில் விடியும்வரை கிடந்தார். நாங்கள் திறந்த கூடாரத்தைக் காற்றுக்காகவும் வானத்துக்காகவும் விரும்பினோம். அவருக்கு அது காவல் மேடை.

வகுப்பில் முல்லைப்பாட்டு நடத்தும்போதெல்லாம் இந்த இரவு நினைவுக்கு வருகிறது. நப்பூதனார் பாடிய அந்த 103 அடிகளில் ஒரு பாசறை வருகிறது. காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி வளைத்து அமைத்த பாடி. வீரர்களின் இருக்கைகள் மிக எளியவை. வில்லை ஊன்றி, அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கால் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டியவை. துறவி தன் முக்கோலின்மேல் காவியுடையை இட்டுவைத்த தோற்றம் அதற்கு உவமை. அரசனுக்கோ யவனர்கள் அமைத்துக் கொடுத்த இல்லம். திரையை வலித்துக் கட்டி இரண்டறையாகப் பகுத்தது. உள்ளே விளக்கு, வெளியே காவல். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உள்ளறையும் வெளியறையும் உள்ள கூடாரத்தைத் தமிழ்ப் புலவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அந்த உள்ளறையில் அரசனுக்கு உறக்கம் வரவில்லை என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து விழித்துக் கிடக்கிறான். வெளியே கயிற்றிருக்கையில் இருந்த வீரன் உறங்கினானா என்று பாட்டு சொல்வதில்லை.

*

இவ்வளவும் சொல்லியபின் பாம்பைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அது ஏமாற்று. கிடைக்காரரிடம் கட்டிலைப் பற்றிக் கேட்டபோது, "சொகுசுக்கு இல்ல சார். கீழ போறவன் கீழ போகட்டும், மேல இருக்கவன் மேல இருக்கட்டும்" என்றார். இரவில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'பூச்சி' என்பார்கள். கரிசலின் வெடிப்புகளில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் இங்கே உண்டு. தரையில் படுப்பவருக்குக் கொடியது கட்டுவிரியன். இரவில் திரியும், உறங்குபவரின் பாய்க்குள்ளும் வந்துவிடும். அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு என்பதால், கடிபட்டவர் விழிக்காமலே இருந்துவிடுவதும் உண்டு. வயிற்றுவலி, இமை தாழ்தல், மூச்சுத் திணறல் என்று நஞ்சு பிறகு தன்னைக் காட்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்களை அழைத்துச் செல்ல வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கேட்டோம். ஒரு மாணவியின் தாய் புதியம்புத்தூரில் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கும் வேலை பார்ப்பவர். 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் குடிசையை மாற்றிக் கட்டிய கான்கிரீட் வீடு. நாங்கள் கூடாரத்தை விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மண்ணுல படுக்கதுக்கா சார் பிள்ளைய காலேஜுக்கு அனுப்புனேன்? நாங்க படுத்தது போதாதா? எங்கண்ணன் களத்துமேட்டுக் குடிசையில படுத்தவரு, விடியக்குள்ள முடிஞ்சுபோச்சு. இந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்னைக்குத்தான் நான் நிம்மதியா ஒறங்குனேன்."

இதற்குப் பதிலாக எம்மா கேட்வுட்டையோ பதூயின்களையோ சொல்லமுடியுமா? தரையில்லாத கூடாரம் விடுதலையாகத் தோன்றுவது வீட்டில் தரை உள்ளவர்களுக்கு. அடித்துணியை நீக்கிவிடலாம் என்று நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கிடைக்காரரின் கட்டிலும் இந்த அம்மாவின் சிமெண்டுத் தளமும் ஒன்றையே சொல்கின்றன. மண்ணை நன்கு அறிந்தவர்கள் அதிலிருந்து ஓரடியாவது விலகிப் படுக்கவே விரும்பியிருக்கிறார்கள்.

கூடாரத்தை விடவில்லை. அதோடு ஒன்றைச் சேர்த்தோம். ஆளுக்கொரு கொசுவலை; அதன் விளிம்பை நான்கு புறமும் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். பாம்புக்கடி மருத்துவர்கள் தரையில் உறங்குவோருக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எளிய வழி இதுதான். எடை கால் கிலோ. இரவில் வெளியே போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம். அருகில் பாம்புக்கடி மருந்து இருப்பு வைத்திருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக வண்டி எது என்பதை மாலையிலேயே உறுதி செய்துகொள்வோம். உள்ளறையை மீண்டும் கொண்டுவந்துவிட்டீர்களே என்று மலையேறும் நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

அந்த அம்மா மகளை அனுப்பச் சம்மதித்தார், தாமும் வருவதாயிருந்தால் மட்டும். வந்தார். ஓட்டப்பிடாரம் தாண்டி முதல் நாள் பொழுது சாய்ந்தபோது, இடம் பார்க்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுத்தோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நடந்தார். ஒரு வெடிப்பின் அருகே குனிந்து, அதன் வாயில் சிலந்தி நூல் அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டினார். நூல் இருந்தால் அந்த வழியாக எதுவும் அண்மையில் போகவில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கம் வேண்டாம் என்றார். கருவை மூட்டுக்குப் பக்கம் வேண்டாம் என்றார். குதிகாலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, பொதபொதவென்று கேட்கும் இடத்தைத் தள்ளினார். ஒரு சரள் மேட்டில் வந்து நின்றார். மாணவர்கள் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கியதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இதெல்லாம் எழுதி வைக்கிற விசயமா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இது ஒண்ணும் தெரியாமலே நீ இருந்துரணும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சு வச்சுக்கிட்டாலும் நட்டமில்ல" என்றார்.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் இடம் பார்ப்பதை மாணவர்களிடமே விடுகிறோம். தார்ப்பாயை அவர்கள் பிரிப்பதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி நடக்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். கரிசலில் பிறந்து கரிசலை வண்டிச் சன்னலில் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் பலர். முதல் நாள் சொல்ல அவர்களிடம் அதிகம் இருப்பதில்லை. இரண்டாம் நாள் மாலை சொல்லி முடிக்க நேரமாகிறது, இருட்டிவிடுகிறது.